இரவு இரண்டு மணி யாருடையது?

காலை ஏழரை மணி. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. சிங்காரப்பேட்டையில் இருட்டு விலகுமுன் ஏறியவர்கள், ஊத்தங்கரையிலும் மத்தூரிலும் ஏறியவர்கள் எல்லாரும் டிபன் பையோடு இறங்கி வாசலில் வரிசை கட்டுகிறார்கள். எட்டு மணி ஷிஃப்ட். பஞ்ச் மெஷினில் கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து தடுப்புக் கம்பி சுழல வேண்டும். அன்று சுழலவில்லை. அந்த மெஷின் தானாக எதையும் முடிவு செய்யாது. சர்வரைக் கேட்டுத்தான் கதவு திறக்கும். சர்வர் பேசவில்லை. எட்டு மணி அடித்தபோது வெளியே இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். தாமதம் என்று பதிவானால் அரைநாள் சம்பளம் போய்விடுமோ என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

அந்தச் சர்வரை அமைத்தவன் நான். அப்டேட் ஆனபின் தேவைப்பட்டால் இரவு இரண்டு மணிக்குத் தானாக ரீபூட் ஆகட்டும் என்று எழுதி வைத்திருந்தேன். எழுதியபடியே அது நடந்தது. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர். அதன் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. அதன் இரண்டு மணி நமக்கு ஏழரை. அதோடு முடியவில்லை. ரீபூட் ஆகி நான்கு நிமிடத்தில் சர்வர் எழுந்துவிட்டது. வருகைப் பதிவு மென்பொருள் எழவில்லை. ஒரு வருடத்துக்கு முன் யாரோ கையால் ஓடவிட்டுப் போயிருந்தார்கள். இயந்திரம் எழும்போது நீயும் எழு என்று அதற்கு ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. நான் வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து அதை எழுப்பியபோது மணி எட்டு இருபது.

நிர்வாகம் யாருக்கும் சம்பளம் பிடிக்கவில்லை. அந்த வரிசை மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு சர்வரைத் தானாக ரீபூட் ஆக விடலாமா, விட்டால் எப்போது, எந்தச் சர்வரை, என்ன ஏற்பாட்டோடு? அன்றிலிருந்து இதை விடாமல் படித்தும் கேட்டும் செய்தும் பார்த்து வருகிறேன். ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரை சர்வர் பார்க்கும் எல்லாருக்கும் இது அன்றாடப் பாடு.

முதலில் ரீபூட் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். லினக்ஸில் அப்டேட் செய்யும்போது வட்டில் இருக்கும் கோப்பு மாறுகிறது. நினைவகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் மாறுவதில்லை. பழைய கோப்பைப் பிடித்தபடியே அது ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டில் புது நேர அட்டவணை ஒட்டியாயிற்று, டிரைவர் பழைய நேரத்துக்கே வண்டி எடுக்கிறார் என்பது போல. இயங்குதளத்தின் மையமான கெர்னல் விஷயத்தில் இது இன்னும் கறார்: புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்திருக்கும், ஆனால் இயந்திரம் மறுபடி எழும்வரை ஆள்வது பழையதுதான். விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைப் பெரும்பாலும் மாற்றவே முடியாது. அடுத்த முறை எழும்போது மாற்று என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு அது காத்திருக்கிறது.

இதில்தான் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. மாதக் கடைசியில் நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையில் “எல்லாச் சர்வரிலும் பேட்ச் போட்டாயிற்று” என்று இருக்கும். பொய் இல்லை. ஆனால் ஓடுவது எது என்று அந்த அறிக்கை சொல்வதில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தைப் புதுப்பித்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் வெப் சர்வரை மறுபடி துவக்க மறந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். மருந்தை வாங்கி அலமாரியில் வைத்திருந்தார்கள். நோயாளி இன்னும் குடிக்கவில்லை.

குடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டாம். வானாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்திருந்தது. தாக்குதல் வந்தது மே 12 அன்று. நடுவில் 59 நாள். அந்த 59 நாளில் பேட்ச் போட்டு இயந்திரத்தை ஒருமுறை எழுப்பாத இடங்களில்தான் அது புகுந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ரெனோ நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. அடுத்த மாதம் வந்த நாட்பெட்யா என்ற இன்னொரு தீம்பொருள் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையத்தை நிறுத்திப் போட்டது. அதற்கும் அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் வானாக்ரையின் ஒரு வகை பரவியது. பேட்ச் வந்து பதினேழு மாதம் கழித்து, பேட்ச் இல்லாத விண்டோஸ் 7 இயந்திரங்களில். கார் ஆலையும் சிப் ஆலையும் ஏன் இதில் மாட்டுகின்றன? அங்கே இருப்பவர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை. லைனை நிறுத்த யாருக்கும் மனம் வருவதில்லை. ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை வண்டி குறையும் என்று பலகையில் எழுதியிருக்கும். பேட்ச் போடாவிட்டால் என்ன குறையும் என்று எந்தப் பலகையும் சொல்லாது.

பேட்ச் ஒரு பக்கம் இருக்கட்டும். இயந்திரம் ரொம்ப நாள் ஓடினாலே தேய்கிறது என்பது தனிக்கதை. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்று போனில் சொல்வதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பின்னால் முறையான ஆய்வு இருக்கிறது. நினைவகம் கசிவதும் எண்ணிகள் நிரம்புவதும் சிறு பிழைகள் சேர்வதும் மென்பொருளை முதுமையாக்குகின்றன என்று 1995இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹுவாங், கிண்டலா முதலானோர் எழுதினார்கள். வேலை குறைவான நேரம் பார்த்துத் திட்டமிட்டு மறுதுவக்கம் செய்வதற்கு அவர்கள் வைத்த பெயரே புத்துயிரூட்டல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, இந்தியாவில் பிறந்த கிஷோர் திரிவேதி அதைக் கணித மாதிரிகளாக விரித்தார்.

உயிர் போன கதையும் உண்டு. 1991 பிப்ரவரி 25. சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட ஓட அதன் நேரக் கணக்கில் மிகச்சிறு பிழை சேர்ந்து 0.34 வினாடி ஆகியிருந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள். ரொம்ப நேரம் தொடர்ந்து ஓடவிட்டால் பிசகும் என்று சில நாள் முன்பே எச்சரிக்கை போயிருந்தது. ரொம்ப நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. 2004 செப்டம்பர் 14 அன்று தெற்குக் கலிபோர்னியா வான்வெளியைப் பார்க்கும் கட்டுப்பாட்டு நிலையத்தில் விமானங்களோடு ரேடியோ தொடர்பு அறுந்தது. முப்பது நாளுக்கு ஒருமுறை ஊழியர் கையால் ரீபூட் செய்ய வேண்டும் என்பது விதி. ஒருமுறை தவறிவிட்டது. மில்லி வினாடிகளை எண்ணிக்கொண்டு வந்த எண்ணி 49.7 நாளில் தீர்ந்துபோய் அமைப்பு தானே படுத்தது. 2015இல் போயிங் 787 விமானத்துக்கும் இதே வகை உத்தரவு வந்தது: 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றாக அணையக்கூடும், அதற்குமுன் அணைத்து எழுப்பு என்று.

கலிபோர்னியக் கதையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மனிதன் கையால் செய்யும் ரீபூட் என்றைக்காவது ஒருநாள் தவறும் என்பதற்கு அது சாட்சி. என் வாசல் வரிசை, தானாக நடக்கும் ரீபூட் தவறான நேரத்தில் நடக்கும் என்பதற்குச் சாட்சி. இரண்டுக்கும் நடுவில்தான் வழி தேட வேண்டியிருக்கிறது.

கருவிகள் என்ன தருகின்றன என்று பார்ப்போம். டெபியன், உபுண்டு வகையில் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற நிரல் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகப் போடும். சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான். ரீபூட் தேவை என்றால் ரன் அடைவில் ‘ரீபூட் ரிக்கொயர்ட்’ என்று ஒரு சிறு கோப்பு தோன்றும். அதன் கூடவே எந்தப் பொதியால் தேவைப்பட்டது என்ற பட்டியலும் இருக்கும். அந்தக் கோப்பைக் கண்டால் ரீபூட் செய்யலாமா என்பதற்கு ஒரு வரி. இயல்பாக அது ‘வேண்டாம்’ என்றே இருக்கும். எத்தனை மணிக்கு என்பதற்கு இன்னொரு வரி. யாராவது உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும் செய்யலாமா என்பதற்கு மூன்றாவது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகக் கேட்க வேண்டும். முதல் வரியை ‘சரி’ என்று மாற்றிவிட்டு மணியை எழுதாமல் விட்டால், அப்டேட் முடிந்த கையோடு ரீபூட் நடக்கும். அப்டேட் ஓடும் நேரம் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஏதோ ஒரு நிமிடம். சர்வர் யூடிசியில் இருந்தால் அது நமக்குப் பகல் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள். அதாவது லாரி லோடு ஏற்றி பில் போடும் நேரம், பேங்க்குக்குப் பணம் அனுப்பும் நேரம். கிளவுட்டில் கிடைக்கும் உபுண்டுப் பிம்பங்கள் வழக்கமாக யூடிசியிலேயே வருகின்றன. இந்தியக் கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட ஆணை, சர்வர் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. என் சர்வரும் ஒரு வினாடி பிசகாமல்தான் இருந்தது. மணி சரி, மண்டலம்தான் வேறு.

ரெட்ஹேட் வகையில் டிஎன்எஃப் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. புதிய பதிப்புகளில் ஒருபோதும் வேண்டாம், ஏதாவது மாறினால் செய், தேவைப்பட்டால் மட்டும் செய் என்று மூன்று நிலை. மூன்றாவதே எனக்குப் பிடித்தது. விண்டோஸ் பக்கம் அமைப்புகள் ஏராளம். அதற்கெல்லாம் அடிப்படை ஒரு கிழமை. 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய் அன்று அமெரிக்க மேற்குக் கரைக் காலை பத்து மணிக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச்களை வெளியிடுகிறது. நமக்கு அது கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே நம்மூரில் பேட்ச் செவ்வாய் என்பது உண்மையில் பேட்ச் புதன். அந்தப் புதன் காலையிலேயே எல்லா இயந்திரத்திலும் ஏற்ற வேண்டாம் என்பதே என் வழக்கம். அதற்குக் காரணம் உண்டு.

2018 ஜனவரி தொடக்கத்தில் கணினிச் சிப்களில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியாயின. உலகமே பதறிப் பேட்ச் போட்டது. சில ஏஎம்டி கணினிகள் எழவே இல்லை. மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கு அப்டேட்டை நிறுத்தி வைத்தது. ஜனவரி 22 அன்று இன்டெல்லே முன்வந்து, எங்கள் மைக்ரோகோடு எதிர்பாராத ரீபூட்களை உண்டாக்குகிறது, அந்தப் பதிப்பைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. 2024 ஜூலை 19 இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தரவுக் கோப்பு நம் நேரப்படி காலை 9.39க்குக் கிளம்பி 10.57க்குத் திரும்பப் பெறப்பட்டது. ஒன்றேகால் மணி நேரத்தில் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையில் விழுந்தன. எழும், விழும், மறுபடி எழும். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அஸ்யூர் கிளவுட்டில் இருந்தவர்களுக்குப் பதினைந்து தடவை வரை ரீபூட் செய்து பாருங்கள் என்று அறிவுரை வந்தது. அந்த நேரத்தில் அணைந்து கிடந்த இயந்திரங்கள் தப்பின. முதலில் நான்கைந்து இயந்திரம், இரண்டு நாள் கழித்து மற்றவை என்று படிப்படியாகப் போனால், விழுந்தாலும் நான்கைந்துதான் விழும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ‘ஆள் இல்லாத நேரம்’ என்று அதிகாலையைக் காட்டும். அலுவலகங்களுக்கு அது சரி. மூன்று ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலையில் இரவு இரண்டு மணிக்கு என்ன ஆகிறது? பத்து மணிக்கு வந்தவர்கள் பாதி வேலை முடித்திருப்பார்கள். பார்கோடு ஸ்கேன் ஆகாவிட்டால் பெட்டி நகராது. பெட்டி நகராவிட்டால் லைன் நிற்கும். எழுப்பிவிட வேண்டியவரோ அப்போது வீட்டில் தூக்கத்தில் இருக்கிறார். யாரும் இல்லாத நேரம் என்று நாம் எழுதுவது, கோளாறானால் கேட்க யாரும் இல்லாத நேரமாகப் போகிறது. உண்மையில் லைன் தானே நிற்கும் இடைவெளி எது என்று தளத்தில் நிற்கும் சூப்பர்வைசரைக் கேட்டால் சொல்வார். ஒரு ஆலையில் அது ஞாயிறு காலை பத்து மணி. இன்னொன்றில் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட் மாற்றத்துக்கு அப்புறம் இருபது நிமிடம். கேட்காமல் எழுதினால் வாசலில் வரிசைதான்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளை எடுத்துக்கொண்டால் கணக்கே வேறு. பெங்களூரா மாங்காய் வரத்து இருக்கும் வாரங்களில் இராப்பகல் தெரியாது. டிராக்டரும் லாரியும் வரிசையில் நிற்கும். எடைமேடைக் கணினி பத்து நிமிடம் நின்றால் சாலை அடைபடும், வெயிலில் பழம் கனியும். அங்கே மே மாதத்துக்கு முன்பே எல்லாவற்றையும் புதுப்பித்து எழுப்பிப் பார்த்துவிட வேண்டும். சீசனில் நெட்வொர்க்கிலிருந்து விலக்கிப் பூட்டி வைத்துவிட்டு, அவசர ஓட்டை என்றால் மட்டும் தொட வேண்டும். சீசன் முடிந்ததும் முழுச் சுத்தம். இந்த நாட்காட்டியை எந்த அமெரிக்கக் கையேடும் எழுதித் தராது.

நமக்கென்று ஏற்கெனவே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்னின்ன ஊர்களில் காலை ஒன்பது மணியிலிருந்து மின்சாரம் இருக்காது என்று மின்வாரியம் முன்கூட்டியே பேப்பரில் போடுகிறது. மாவு மில்காரர் முதல்நாளே அரைத்து வைக்கிறார். வீட்டில் தொட்டி நிரப்புகிறார்கள். யாரும் அதை விபத்து என்று நினைப்பதில்லை. தேதி சொல்லி, நேரம் சொல்லி, எந்தெந்த இடம் என்று சொல்லி நிறுத்துகிறார்கள். சர்வருக்கும் இதேபோல் ஒரு தாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். ஒட்டிப் பார்த்தேன். ஸ்டோர்ஸில் இருப்பவர் பத்து நிமிடம் முன்பே சலானை அச்செடுத்து வைத்துக்கொள்கிறார்.

நேரத்தைவிடக் கனமான கேள்வி, எழுந்து வருமா என்பது. 2014 செப்டம்பர் கடைசியில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஸென் மென்பொருளில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அமேசான் தன் கிளவுட்டில் ஒரு பகுதி இயந்திரங்களை ரீபூட் செய்தது. நெட்ஃபிளிக்ஸின் கசாண்ட்ரா தரவுத்தளத்தில் 218 இயந்திரங்கள் அதில் மாட்டின. 22 சரியாக எழவில்லை. பத்துக்கு ஒன்று. பார்வையாளர் யாருக்கும் தெரியவில்லை. காரணம், அந்த நிறுவனம் வேண்டுமென்றே பகல் நேரத்தில் தன் இயந்திரங்களைத் தானே அணைத்துப் பழகியிருந்தது. விழுந்ததற்குப் பதில் இன்னொன்றை எழுப்பும் ஏற்பாடும் தானாக நடந்தது. நமக்கு 218 சர்வர் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒன்று பத்தில் ஒன்றாக இருந்துவிடலாம்.

2024 டிசம்பர் முதல் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டன. சிங்காரப்பேட்டைச் சாலையெல்லாம் தண்ணீர். மின்சாரம் போய் இரண்டு நாள் கழித்து, மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சிறு அலுவலகத்தின் சர்வரை எழுப்பப் போனேன். மூன்று வருடத்துக்கு மேல் ரீபூட்டே ஆகாமல் ஓடிய சர்வர். உரிமையாளர் அதைப் பெருமையாகச் சொல்வார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிகள் ஓடின. ஒரு வரியில் நின்றது. ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு அவசர நிலை என்று சொல்லிக் கடவுச்சொல் கேட்டது. எப்போதோ பேக்கப் எடுக்கச் செருகிய வெளி வட்டு ஒன்று, எழும்போது தேட வேண்டிய வட்டுகளின் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. வட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அது இல்லாமல் எழ மாட்டேன் என்று இயந்திரம் உட்கார்ந்துவிட்டது. அந்த வரியை முடக்கினால் போதும், ஆனால் ரூட் கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம். ஈர வாசனை அடிக்கும் அந்த அறையில் டார்ச் வெளிச்சத்தில் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். சாயங்காலம்தான் முடிந்தது.

மூன்று வருடம் விழாமல் ஓடியது அந்தச் சர்வரின் பலம் இல்லை. மூன்று வருடமாகச் சேர்ந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில், அதுவும் வெள்ள நாளில், சோதனைக்கு வந்தன. மாதம் ஒருமுறை எழுப்பியிருந்தால் அந்த வட்டு விவகாரம் செருகிய மாதமே தெரிந்திருக்கும். செருகியவரும் பக்கத்து மேசையில் இருந்திருப்பார். ரீபூட் செய்யப் பயமாக இருக்கிறது என்று ஒருவர் எந்தச் சர்வரைப் பற்றிச் சொல்கிறாரோ, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எழாமல் போவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இப்படிச் சின்னவைதான். பழைய கெர்னல்கள் சேர்ந்து பூட் பகுதி நிரம்பியிருக்கும். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டு, எழும்போது கடவுச்சொல் கேட்டு நிற்கும். அப்படிப்பட்டதைத் தானியங்கி ரீபூட்டில் விட்டால் இருட்டில் கையேந்திக் காத்திருக்கும். தரவுத்தளம் எழும்முன் அதைத் தேடும் நிரல் எழுந்து, காணோம் என்று படுத்துவிடும். மின்சாரம் திரும்ப வந்தால் தானே எழு என்ற அமைப்பு பயாஸில் அணைந்திருக்கும். மின்வெட்டு சகஜமான நம் பக்கத்தில் இதை வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும்.

எல்லைப்புறம் என்பதால் நமக்கு இன்னொரு சிக்கல் கூடுதல். ஓசூர் ஆலைகள் பலவற்றில் சர்வர் பார்க்கும் பொறியாளர் பெங்களூரில் இருக்கிறார். வரைபடத்தில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம்தான். 2023 செப்டம்பர் 29 அன்று காவிரிக்காகக் கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தபோது தமிழக பஸ்கள் எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு நின்றன. அப்படிப்பட்ட நாளில், அத்திப்பள்ளிக்கு அந்தப்புறம் இருப்பவரால் இந்தப்புறம் இருக்கும் பொத்தானை அழுத்த முடியாது. விடுமுறையும் ஒத்துப்போவதில்லை: நவம்பர் 1 அவருக்குக் கன்னட ராஜ்யோத்சவம், நமக்கு ஷிஃப்ட் நாள். ஆகவே சர்வரின் மதர்போர்டில் இருக்கும் தொலைமேலாண்மை வசதியை, ஐலோ, ஐட்ராக் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர், இணைத்து வைக்காமல் தானியங்கி ரீபூட்டைப் போடுவது சரியில்லை. இயந்திரம் எழாவிட்டாலும் அதன் திரையை எங்கிருந்தும் பார்க்க அது உதவும். ஆலையிலேயே இரவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு எந்தப் பொத்தான், எந்த வரிசை என்று கற்றுக்கொடுத்து வைப்பது அதைவிட உதவும்.

ரீபூட்டே இல்லாமல் சமாளிக்க வழி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஓடும் கெர்னலிலேயே ஒட்டுப்போடும் நுட்பம் 2008இல் எம்ஐடியில் கேஸ்பிளைஸ் என்று தொடங்கி, 2011இல் ஆரக்கிள் கைக்குப் போனது. 2014இல் ரெட்ஹேட்டும் சூசேயும் தனித்தனி வழிகளைக் கொண்டுவந்தன; 2015இல் லினக்ஸ் 4.0 இரண்டுக்கும் பொதுவான அடித்தளத்தை ஏற்றது. விண்டோஸ் சர்வர் 2025க்கும் ஹாட்பேட்ச் வந்துவிட்டது, 2025 ஜூலையிலிருந்து கட்டணத்தோடு. அதன் நாட்காட்டியிலும் காலாண்டுக்கு ஒருமுறை, ஆண்டில் நான்கு ரீபூட் உண்டு. அவசர ஓட்டைக்கு இது அருமையான தற்காப்பு. ஆனால் கெர்னலில் பெரிய மாற்றம் என்றால் ஒட்டுப்போட முடியாது, மற்ற நூலகங்களும் அதற்குள் வராது. ரீபூட் ஆகாத நாட்கள் நீண்டுகொண்டே போனால் அந்த வெளி வட்டுக் கதைக்கு மறுபடி வந்து நிற்போம். மருத்துவமனைக்கும் பேங்க்குக்கும் அது வேண்டும். எங்கள் சிறு ஆலைகளுக்கு அதற்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டாவது சர்வர் ஒன்று வாங்கலாம். இரண்டு இருந்தால் ஒன்றை எழுப்பும்போது மற்றது தாங்கும். விண்டோஸ் சர்வரில் 2012இலிருந்து, சர்வர்களைக் கூட்டாக இணைக்கும் கிளஸ்டர் வசதி அதைத் தானே முறைவைத்துச் செய்கிறது.

தானாக ரீபூட் ஆக எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்பதில் என் முடிவு இதுதான். ஒன்றுக்கு இரண்டாக இருப்பவை, வெப் சர்வர்கள், சோதனைச் சர்வர்கள், பெயர்ச் சர்வர்கள்: தானாக ரீபூட் ஆகட்டும், வேறு வேறு நாளில். ஒற்றைத் தரவுத்தளம், கணக்குச் சர்வர்: பேட்ச் தானாக வரட்டும், ரீபூட் தேவை என்ற செய்தி தானாக போனுக்கு வரட்டும், பொத்தானை மனிதன் அழுத்தட்டும், ஆனால் தேதி முன்பே குறித்திருக்கட்டும். தேவைப்படும்போது பார்க்கலாம் என்று விட்டால் அந்தத் தேவை மூன்று வருடம் வராது. தளத்தில் இயந்திரங்களை ஆட்டும் கணினிகளில் தானியங்கி எதுவும் கூடவே கூடாது. பிரஸ்ஸில் கைவைத்து நிற்கும் தொழிலாளியின் எதிரில் திரை அணைந்து எழுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவற்றைத் தனி நெட்வொர்க்கில் அடைத்து, இயந்திரம் கொடுத்தவரின் ஒப்புதலோடு, லைன் நின்ற நாளில் மட்டும் தொட வேண்டும்.

அப்படி ஒரு நாள் நமக்குத் தவறாமல் வருகிறது. ஆயுத பூஜைக்கு மாவட்டம் முழுக்க லைன்கள் நிற்கும். லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் துடைத்து எண்ணெயிட்டுப் பொட்டு வைப்பார்கள். சர்வர் ராக்கிற்கும் சந்தனம் குங்குமம் உண்டு, மாலை உண்டு. முன்பெல்லாம் அது மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாசல் வரிசைக்குப் பிறகு, நான் பார்க்கும் ஆலையில் பூஜைக்கு முதல்நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் முறைப்படி இறக்கி, தூசி தட்டி, முறைப்படி ஏற்றுகிறோம். ராக்கின் கதவு உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரவு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் தன் கையெழுத்தில் தமிழில் எழுதியது. யூபிஎஸ் பச்சை விளக்கு பார். மேல் சர்வர் முதலில், ஐந்து நிமிடம் பொறு. கீழ்ச் சர்வர் அடுத்து. கடிகாரத்தில் நம்ம ஊர் நேரம் காட்டுகிறதா பார். சுவிட்சில் எல்லா விளக்கும் மின்னுகிறதா பார். மாதாமாதம் ரீபூட் முடிந்ததும் அந்தத் தாளை வரிக்கு வரி படித்துத்தான் கிளம்புவார். கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார்: வாசலுக்குப் போய் ஒரு தடவை உன் தம்ப் வைத்துக் கம்பி சுற்றுகிறதா பார்.